நாற்பத்திரண்டாவது கண்

அட்டவணையில் அறுபத்திரண்டு கண்கள்,
முப்பத்தொரு ஆட்கள், பெயரில்லாமல்.
சம்மதத் தாளின் நான்காம் பத்தியில்
'பயிற்சியிலுள்ள மருத்துவர் செய்வார்' என்றிருந்தது;
கட்டணம் அதனால் பாதி.
பெரும்பாலோர் வாசிக்காமல் கையெழுத்திட்டார்கள்,
கிட்டத்து எழுத்து நன்றாகத் தெரிகிறவர்கள்தான், ஆனாலும்.
ஒருவர் மட்டும் வாசித்துவிட்டுக் கேட்டார்:
'உங்கள் கைக்கு நான் எத்தனையாவது?'
'இருபத்தொன்று.'
'நான் உங்கள் வயதைக் கேட்கவில்லையே.'

டிராம் ஓட்டுகிறவர். ஸெனோன் வில்கோஷ்.
பனிக்காலத்தில் தண்டவாளப் பிரிவைக்
கம்பியால் நெம்பித் திருப்பிவிட்டு
வண்டிக்குள் ஏறினால் கண்ணாடி வெளுத்துவிடுமாம்.
துடைத்து முடிப்பதற்குள் பின்னால் மணியடிப்பார்களாம்.
இரண்டு கண்ணிலும் மைனஸ் நாலரை.

வலம் முதலில். பிறகு இடம்.
உறிஞ்சு வளையம் பிடித்ததும்
'இருட்டிவிட்டது' என்றார்.
'அப்படித்தான் ஆகும்.'
மடலைப் புரட்டினேன்,
நனைந்த புத்தகத்தின் முதல் தாளைப் புரட்டுகிற மாதிரி.
'பச்சைப் புள்ளியையே பாருங்கள்.'
பத்தொன்பது விநாடி. டக்டக்கென்று ஓசை,
முடி பொசுங்கும் வாசனை.
செருப்புக்குள் என் கால்விரல்கள் மடங்கியிருந்தன,
மிதிகட்டையை அழுத்திய காலில் அல்ல, மற்றதில்.
பின்னால் நின்ற டாக்டர் ஒஸ்த்ரோவ்ஸ்கா
ஒன்றும் சொல்லவில்லை.
அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நல்லது.

ஒரு வாரம், ஒரு மாதம், மூன்றாம் மாதம்.
அளந்தது வேறொருவர்; விதி அப்படி.
வலம் 6/6. இடம் 6/6.
இடக்கண்ணில் மைய விலகல் 0.4 மில்லிமீட்டர்.
ஏற்கத்தக்கது என்று பச்சை பூசியது கணினி.

'மூத்தவர் கைக்கும் பயில்பவர் கைக்கும்
குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை.'
இந்த ஒரு வரிக்கு எட்டு மாதம் காத்திருந்தேன்.
எழுதிவிட்டு எழுந்துபோய்க் காபி குடித்தேன்.
கைராசிக்கு அட்டவணையில் நெடுவரிசை இல்லை.
நடுக்கத்துக்கும் இல்லை.

வூட்ஜ் என்றால் படகு.
ஊர் ஆறுகளை மண்ணுக்கடியில் குழாயில் விட்டுவிட்டுப்
பெயரை மட்டும் மேலே வைத்திருக்கிறார்கள்.
ஜனவரி. கடைசி டிராம்.
அசந்து தூங்கி முனையத்தில் விழித்தேன்.
'இது திரும்பிப் போகுமா?' என்றேன்.
ஓட்டுநர் அறைக்குள்ளிருந்து பதில்:
'பச்சைப் புள்ளியையே பாருங்கள்!'

முகமூடிக்கு மேலே என் கண்ணாடி,
தலைமாட்டில் என் குரல்,
அவ்வளவுதான் நான் அவருக்கு.
'நீங்களே இன்னும் கண்ணாடியைக் கழற்றவில்லையே?'
எல்லோரும் கேட்பதுதான். மைனஸ் ஆறு.
சக மாணவன் ராதோஸ்வாஃப் வியாழன்தோறும் கேட்கிறான்,
மேசை காலி, வந்து படுக்கிறாயா என்று.
அவன் அட்டவணையைப் பார்த்திருக்கிறேன்.
என்னுடையதைவிட நன்றாகவே இருக்கிறது.

'புகாரில்லை' என்றார் வில்கோஷ்.
'ராத்திரியில் மட்டும், இடப்பக்கம்,
விளக்குக்கு விளக்கு ஒரு மோதிரம்.
பனி விழுந்தால் மோதிரத்துக்குள் மோதிரம்.
மணிக்கு ஐந்து கிலோமீட்டர் குறைத்துக்கொண்டேன்.
பழகிவிட்டது.'
'ஆஸ்பத்திரியில் சொல்லவில்லையா?'
'எழுத்தைத்தானே கேட்டார்கள்.
கடைசி வரிவரை சொன்னேன்.'

எழுத்துப் பலகை இருக்கும் அறையில்
இரவு கிடையாது.

கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.
நானும் இறங்கி நின்றேன், சும்மா.
திரும்பி ஏறியபோது அவருக்குத் துடைக்க ஒன்றுமில்லை.
என் கண்ணாடி வெளுத்திருந்தது.
துடைக்கும் முன் வெளியே பார்த்தேன்:
ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு வளையம்.
துடைத்தால் எனக்குப் போய்விடும்.

வீட்டில், கோட்டைக் கழற்றாமல்,
அட்டவணையைத் திறந்து ஒரு நெடுவரிசை சேர்த்தேன்.
தலைப்பு: இரவு.
அறுபத்தொரு கட்டம் காலி. யாரையும் கேட்டதில்லை.
நாற்பத்திரண்டில் 'மோதிரம்' என்று தட்டினேன்.
எண்ணை மட்டுமே ஏற்கும் என்றது கணினி.

ஐந்து என்று போட்டேன்.
அலகு: மணிக்குக் கிலோமீட்டர்.