மூன்று தடவை

குழித்துறைக் கோர்ட்டில் நான் கூப்பிட்டால்
ரோட்டுக்கு அந்தப்பக்கம் சாயாக்கடையில்
கிளாஸ் கழுவுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான்.
அப்படியொரு தொண்டை.
வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை,
பித்தளை வில்லை,
அதற்கு மேலே இந்தத் தொண்டை.
இருபத்திரண்டு வருஷமாக
இதுதான் உத்தியோகம், கேட்டீரா.

ஆனி மாசம். மழை சற்றே விட்டிருந்தது.
கில்டஸ், கில்டஸ், குறும்பனை கில்டஸ் என்று
மூன்று தடவை விட்டேன்.
ஆள் இல்லை.
ஐயா பிடிவாரண்டு எழுதினார்.

அயனி மரத்து மூட்டில்
முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்றார்.
நாலாக மடித்த கோர்ட்டுத் தாள்
நனையாமலிருக்க பிளாஸ்டிக் கவரில்.
காலை எட்டரை முதல் நிற்கிறார்.
நான் அவரைத் தாண்டித்தான்
சாயா குடிக்கப் போனேன்.

வாரண்டை ரத்துசெய்ய வந்தவர் வக்கீல் விஜிலா.
திருவட்டாறுப் பக்கம். பிறவியிலேயே செவி இல்லை.
ஆசாரிப்பள்ளத்தில் சோதித்து
நூறு சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்களாம்.
'நான் வாங்கிய முதல் நூறு' என்பார்.
கூடவே சைகை பெயர்க்க ரெஞ்சித்.
வந்த புதிதில் பார் ரூமில் ஒரு சீனியர்,
'நான் ஆட்சேபணை சொன்னா
உனக்கு எப்பிடியம்மா தெரியும்?' என்றார்.
விஜிலா தாளில் எழுதி நீட்டினார்:
'நீங்கள் வாய் திறக்கும் முன்பே
உங்கள் காது சிவந்துவிடும், சார்.'

அன்றைக்கு ஐயா என்னைத்தான் முன்னால் வரச் சொன்னார்.
ரெஞ்சித்தின் குரலில் விஜிலாவின் கேள்வி:

எத்தனை தடவை கூப்பிட்டீர்கள்?
மூன்று.
சத்தமாகவா?
சாயாக்கடைவரை கேக்கும், மேடம்.
(எல்லாரும் சிரித்தார்கள். நானும்.)
எத்தனை தடவை பார்த்தீர்கள்?

பதிலை ஐயா எழுதிக்கொள்ளவில்லை.
நான் சொல்லவுமில்லை.

வாரண்டு போயிற்று. அதோடு விட்டாரா?
கூப்பிடும்போதே நம்பர் எரிகிற பலகை வேண்டுமென்று மனு.
நிதி இல்லை என்று வந்த பதிலின்மேல் மனு.
சைகை பெயர்ப்பவருக்குப் படி கேட்டு மனு.
மார்த்தாண்டத்தில் லாரி இடித்த பையனுக்கு
'ஹாரன் கேட்டிருந்தால் ஒதுங்கியிருப்பான்' என்று சொல்லி
இன்சூரன்ஸ்காரர்கள் பாதித்தொகையை வெட்டப் பார்த்தார்கள்.
அது ஏழு வருஷம் ஓடியது.
வாய்தா, வாய்தா, வாய்தா.
'இந்தச் சொல்லில் வாய் இருக்கிறது, தா இருக்கிறது,
கொடுக்கிறவரைத்தான் காணோம்'
என்றார் ஒருநாள், விரல்களால்.
ரெஞ்சித்துக்குச் சிரிப்பை அடக்கிப் பெயர்க்கத் தெரியவில்லை.

பலகை ஒருவழியாக வந்தது.
மழைக்காலத்தில் ஈரம் ஏறினால்
ஏழு ஒன்று போலத் தெரியும், பார்த்தீரா.
அதற்கும் ஒரு மனு போட்டிருக்கிறார்.

கில்டஸ் தோற்றார். அதையும் சொல்ல வேண்டும்.
வள்ளத்துக்கு என்ஜின் வாங்கக் கொடுத்த செக்,
கையெழுத்து அவருடையதுதான்.
தீர்ப்பை ஒரு சொல் விடாமல்
ரெஞ்சித்தின் கைகள் கொண்டுவந்தன.
கில்டஸ் நடுவில் கை உயர்த்தி
வட்டிக் கணக்கை மறுபடி காட்டச் சொன்னார்.
ஐயா பேனாவை மூடிவைத்துக் காத்திருந்தார்.
கில்டஸின் வழக்கில்
கில்டஸ் இருந்த முதல் நாள் அது.

அவர்கள் கூட்டத்தில் எனக்கும் ஒரு பெயர் உண்டு இப்போது.
தொண்டைக்குழியில் இரண்டு விரல்,
பிறகு கண்ணோரத்தில் ஒன்று.
முதலில் வைத்தபோது தொண்டை மட்டும்தான்.
கண் வந்து சேர
இரண்டு வருஷம் ஆயிற்று.