அரைச் சுற்று

ஔலுவில் ஆறு இன்னும் உறைந்தே கிடக்கிறது.
அது எந்த நாளில் உடையுமென்று
கணக்குப் போடவேண்டிய பெட்டி
நூற்று இருபத்தெட்டு ஜிபிக்குத்
தொண்ணூற்றாறுதான் காட்டுகிறது.
மிச்சத்தை விழுங்கிவிட்டு
ஒரு ஏப்பம்கூட இல்லை.

ரைலி நான்கு ராமையும் பிடுங்கி
மேஜையில் அடுக்கினாள்,
கழுவிவைத்த மீன் மாதிரி.
இதை அங்கே, அதை இங்கே.
எதைச் செருகினாலும்
மூன்றாம் ஸ்லாட் மட்டும் ஊமை.

ராத்திரி முழுக்கச் சோதனை ஓடியது.
பிழைகள்: பூஜ்யம்.
ஒரு பூஜ்யத்தின் மேல்
யாரும் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார்கள்.

விடிகாலை ஐந்துக்கு வெய்க்கோவுக்குப் போன்.
"பிராசஸர் மேலிருக்கிற விசிறி, நீதானே மாட்டினாய்?"
"நான்தான். ஆடாமல் இருக்கட்டும் என்று
நன்றாக இறுக்கினேன்."
"எவ்வளவு நன்றாக?"
மறுமுனையில் காபி கொதிக்கும் சத்தம்.

ஸ்க்ரூடிரைவரை இடப்பக்கம் திருப்பினாள்.
அரைச் சுற்று.
ஒரு முனகல், உலோகமா அவளா தெரியவில்லை.
கறுப்புத் திரையில் எழுத்துகள் ஏறின.
நூற்று இருபத்தெட்டு.

கைதட்டவில்லை, சிரிக்கவுமில்லை.
ஆற்றை ஓடவிட்டாள் திரையில்.
பிறகு பக்கத் தகட்டை மூடலாமென்று
கோட்டுப் பையில் கைவிட்டாள்.
தகட்டுக்குத் திருகாணி நான்கு.

கையில் ஐந்து.