இருபத்திநாலு

ஜூன் மாதம் கிருஷ்ணகிரியில் என் நாக்குக்கு
எட்டு மணி நேர ஷிஃப்ட்.
பெங்களூரா பதினாலு பிரிக்ஸ், அல்போன்சா பதினேழு.
தொட்டிக்கு ஒரு கரண்டி.
துப்பி, கொப்பளித்து, எழுதி, கையெழுத்து.
வீட்டுக்குப் போனால்
மிளகு ரசத்திலும் மாம்பழம் மணக்கும்.

புது ஃபில்லரை ஓட்டிக் காட்ட ரெனாத்தோ வந்தார்,
பார்மா பக்கம் ஏதோ ஊர்.
மூன்று நாள் வேலை பதினோரு நாளானது,
ஒரு வால்வு சென்னை கஸ்டம்ஸில் உட்கார்ந்திருந்தது.
பத்தாம் நாள் சாயங்காலம்
கெஸ்ட் ஹவுஸ் மொட்டைமாடியில்
காலுறைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை உருவினார்.

ஆயுத பூஜைப் பூசணிக்குள் கரைகிற
குங்குமச் சிவப்பு.

எவர்சில்வர் டம்ளர், சோடா.
ஆரஞ்சு ஒரு துண்டு வேண்டுமாம்.
ரவுண்டானா வரை போய்வந்த முனிரத்தினம்
பச்சைப் பெங்களூராவில் ஒரு கீற்று சீவி மிதக்கவிட்டான்.
நான் குடிப்பதில்லை என்றேன்.
"டேஸ்டர்தானே மேடம், துப்பிடுங்க."
நியாயமாகத்தான் பட்டது.

முதலில் ஆரஞ்சுத் தோல்.
பிறகு இனிப்பு. தெரிந்த ஆள்தான் என்று
நாக்கு நகர்ந்து இடம் கொடுத்த நேரத்தில்
உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டது கசப்பு.
வேம்பு இல்லை, வேம்பு நேராக அடிக்கும்.
சுண்டைவற்றல் இல்லை, அதற்கு உப்பு துணை உண்டு.
இது எதையோ கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்கிற மாதிரி நின்றது.
துப்ப மறந்துவிட்டேன்.

"நிலவேம்புக் கசாயத்துக்குப் பெயின்ட் அடிச்சிருக்காரு."
எதற்கு இது என்று கேட்டேன்.
பசிக்கு, என்றார் ரெனாத்தோ. சாப்பாட்டுக்கு முன்னால்.
பூட்டில் சாவி திருப்புவதுபோல்
வயிற்றருகே கையைத் திருப்பிக் காட்டினார்.

கேட்டுக்கு வெளியே லாரிகள்.
பர்கூர் வரை என்று எழுதலாம், பொய்.
முப்பத்திரண்டு. எண்ணினேன்.
டன் விலை பேசி முடியாமல்
மூன்றாம் நாளாக வெயிலில் பழம்.
ஏதோ ஒரு டிரைவர் சக்கரத்தின் மறைவில் ஸ்டவ் பற்றவைத்து
தக்காளி வதக்கும் வாசனை மேலே ஏறி வந்தது.
பசித்தது எனக்கு, கை நடுங்குமளவு.
மருந்து வேலை செய்கிறது,
அல்லது தக்காளி.

மறுநாள் பாட்டிலின் அடியில் மிச்சமிருந்ததை
லேபுக்குக் கொண்டுபோனேன்.
சாராயமும் ஒளியை வளைக்கும், கணக்கைக் கெடுக்கும்.
சூடாக்கி அதை ஓட்டி,
குறைந்த அளவுக்குத் தண்ணீர் சேர்த்து,
பிரிஸத்தில் ஒரு சொட்டு.

இருபத்திநாலு.

துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
அந்த வாரம் நான் அளந்ததிலேயே
அதிக இனிப்பு அதுதான்.

பழக்கதோஷத்தில் ரிஜிஸ்டரில் பேட்ச் எண் போட்டாகிவிட்டது.
'சுவை' என்ற கட்டம் காலியாக.
கசப்புக்கு என்னிடம் கருவி கிடையாது.
'இயல்பு' என்று எழுதி, அடித்தேன்.
ஆடிட்டர் கேட்பார், பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த தொட்டி வந்தது, பெங்களூரா, பதினாலு.
கரண்டியை வாயில் வைத்தேன்.
இனிப்புக்குப் பின்னால்
காம்புப் பாலின் ஒரு சின்னக் காறல்.
ஒன்பது சீசனாக இங்கே இருக்கிறேன்.
ஒரு நாளும் நான் அதை எழுதியதில்லை.