எட்டுக்கை

திருச்செங்கோட்டில்
ரிக் லாரி நிறுத்தும் மேட்டாங்காட்டில்
தேய்ந்த பிட்டுகளுக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவே
ஒன்பது வட்டக் கற்கள்.
இட்லி அளவு. நடுவில் குழி.

"ஏனுங் மேடம், கச்சுப் பக்கம் போர் போடப் போனப்ப
ஓடைக் கரையில கெடந்துதுங்.
சும்மா கெடக்கல. ரெண்டு ரெண்டா, வரிசையா.
ஆக்டோபஸ் கையில உறிஞ்சி இருக்குமுங்களே,
அதே கணக்கு."

செங்கோட்டுவேலு முடிவு கட்டிவிட்டார்:
இந்த லாரி நீளத்துக்கு ஓர் எட்டுக்கைப் பிராணி
கடல்பல்லியைத் தின்றுபோட்டு
மிச்ச எலும்பில்
தன் கையையே படம் போட்டு வைத்திருக்கிறது.

அந்தப் பிராணியின் எலும்பு?
"அதுக்குத்தான் எலும்பே இல்லீங்களே!"
ஜெயித்த முகத்தோடு மோர் நீட்டினார்.

நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும் என்பார்கள்.
எலும்பில்லாத மிருகம்
அதைவிட வசதி.
கிடைத்தால் சாட்சி.
கிடைக்காவிட்டால் இன்னும் பெரிய சாட்சி.

முதுகெலும்புதான், சந்தேகமில்லை.
எங்கள் ஊர்ப் பாறையில் இது கிடைக்காது;
எலும்பு என்ற யோசனையே உலகுக்கு வராத காலத்தில்
இறுகிப்போனது எங்கள் பாறை.
படம் எடுத்தீர்களா? இல்லை.
எந்த மண் அடுக்கு? மழை வந்துவிட்டது.
இங்கே இப்படி வைத்தது யார்?
"நாந்தானுங். அங்க இருந்த மாதிரியே.
கிட்டத்தட்ட."

அந்தக் கிட்டத்தட்டவில்
ஒரு கடலே முங்கிப்போகும்.

சொல்லியிருப்பேன்.
ஆனால் மோளிப்பள்ளியில் அவர் தோட்டத்தில்
நான் கருவி வைத்துக் குறித்த இரண்டு இடமும் புழுதி.
உள்ளங்கையில் தேங்காயோடு நடந்த
அவர் மச்சான் காட்டிய இடத்தில்தான்
மரவள்ளிக்கு இன்றைக்கும் தண்ணீர் பாய்கிறது.
அவர் அதை எடுத்துப் பேசவில்லை.
மோர் நீட்டிய விதத்தில் இருந்தது.

என் தோல்விக்கு ஆழம் உண்டு: எழுநூற்று இருபது அடி.
தேதி உண்டு, என் கையெழுத்து உண்டு, டீசல் பில் உண்டு.
உங்கள் எட்டுக்கை எத்தனை அடியில் தோற்கும்?
கேட்டேன்.
வெகுநேரம் கற்களையே பார்த்திருந்தார்.
"அதெப்படீங் தோக்கும்" என்றார்,
முதல்முறையாகக் கொஞ்சம் சங்கடப்பட்டு.

எழுதிக் கொடுத்தேன்:
முதுகெலும்புத் துண்டுகள், ஒன்பது.
கடல்வாழ் ஊர்வன; இனம் தெரியவில்லை.
இடம்: கண்டவர் சொன்னபடி.
அடுக்கியவர்: க. செங்கோட்டுவேலு.

ஸ்கூட்டரைத் திருப்பும்போது
விளக்கு வெளிச்சத்தில்
ரிக்கிலிருந்து இறங்கிய ரப்பர்க் குழாய்கள்
புழுதியில் சுருண்டு கிடந்தன.
எண்ணினேன்.
ஏழு.
வண்டியை நிறுத்திவிட்டு
லாரிக்கு அந்தப் பக்கமும்
ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.