ஆடாத எண்

இரவு மூன்றே கால். வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
உலான்பாத்தரின் கிழக்குக் குடியிருப்புகளுக்குப் போகும்
வெந்நீர்க் குழாயின் ஓட்டம்
திரையில் 1840.
பத்து நிமிடம் கழித்தும் 1840.
பால்தேநீரில் உப்பைக் கலக்கியபடி
கான்ஹுயாக் சொன்னான்:
"இன்னைக்குத் தங்கமா நடந்துக்குது."

எனக்கு வயிற்றில் புளி கரைத்தது.
பதினோரு குளிர்காலமாக அந்த எண்ணோடு பழக்கம்.
அது நிற்காது.
1836, 1843, 1839 என்று
கட்டிப்போட்ட குதிரையின் காது போல
எந்தப் பக்கமாவது அசைந்துகொண்டேதான் இருக்கும்.

டார்ச்சையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு போனேன்.
மூக்குக்குள் முடி உறைந்து குத்தியது.

பெரிய குழாய்க்குள் ஒரு தட்டு, நடுவில் துளை.
தண்ணீர் அதில் நெருக்கியடித்து நுழைகையில்
முன்னால் ஓர் அழுத்தம், பின்னால் சற்றே குறைந்த இன்னொன்று.
சுண்டுவிரல் கனத்தில் இரண்டு சிறுகுழாய்கள்
இரண்டு சேதிகளையும் கொண்டுவந்து சேர்க்கும்
என் இரு கை அகலப் பெட்டியில்.
உள்ளே ஒரு சவ்வு.
இந்தப் பக்கம் எவ்வளவு, அதற்குத் தெரியாது.
அந்தப் பக்கம் எவ்வளவு, அதுவும் தெரியாது.
தெரிந்ததெல்லாம் வேறுபாடு ஒன்றுதான்.
அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் ஓட்டம்.
நாலாயிரம் வீடுகள் அந்தக் கணக்கை நம்பிப்
போர்வைக்குள் கிடக்கின்றன.

சூடேற்றும் நாடா செத்திருந்தது. எலிப் பல் தடம்.
இரண்டு சிறுகுழாயும் உறைந்து
அந்த நேரத்து அழுத்தத்தை உள்ளேயே பூட்டிவிட்டன.
சவ்வு கடைசியாகக் கேட்டதையே
சொல்லிக்கொண்டிருந்தது.
பொய் என்று அதை எப்படிச் சொல்ல?

நீராவிக் குழலைப் பிடித்தபடி நாற்பது நிமிடம்.
சும்மா நிற்கிறவளுக்கு நினைப்பு எங்கெங்கோ போகும்.
இஞ்சியோனில் பெயின்ட் ஆலையில் என் தம்பி பத்சைஹான்.
ஞாயிறு தவறாமல் போன்.
"நல்லாத்தான் இருக்கேன்க்கா."
இரண்டு வருடமாக அதே நான்கு நொடி.
பையன் நிலைக்கு வந்துவிட்டான் என்கிறாள் அம்மா.

உள்ளே ஏதோ 'டக்' என்று விட்டது.
ஓரத்து வால்வுகளில் ஒன்றை மூடி நடு வால்வைத் திறந்தேன்.
இரு பக்கமும் ஒன்றானால் பூஜ்ஜியம் சொல்ல வேண்டும்.
0.02 என்றது.
பதினோரு வருடக் கிழத்துக்கு அது போதும்.
நடுவை மூடி, ஓரத்தைத் திறந்து,
வாக்கி டாக்கியில் கேட்டேன்: "என்ன காட்டுது?"

"ஆயிரத்து இருநூறு... இல்லை, ஆயிரத்து நூற்றித் தொண்ணூறு...
அடக் கடவுளே, ரெண்டாவது பம்ப்!"
அவன் நாற்காலி விழுந்த சத்தம் வரை கேட்டது.

ஆறு மணிக்குக் கையுறையைப் பல்லால் கழற்றி
போன் செய்தேன். அன்று செவ்வாய்க்கிழமை.
"என்னக்கா? என்னாச்சு? அம்மாவுக்கா?"
குரல் ஏறியது, இறங்கியது, நடுவில் உடைந்தது.
ஒன்றுமில்லை என்றேன்.
நான் வைக்கவில்லை.
அவனும் வைக்கவில்லை.