எண்பத்தைந்து டொலர் மெட்டு

ஏப்ரல் இருபத்தெட்டு. கிளேஸ் பேயில் இன்னும் பனி.
மோரக் மக்கெக்கர்ன் ஒரு பிஸ்கட் ரின்னோடு வருகிறாள்.
உள்ளே அவளுடைய வருடம் கிடக்கிறது:
பெற்றோல் துண்டுகள்,
வில்லுக்குக் குதிரைமயிர் மாற்றிய பில்,
ஒட்டிப்போன ஒரு இருமல் மிட்டாய்.

கலியாணம் ஒன்பது. செத்தவீடு பதினாலு.
"செத்தவீட்டில் காசு வாங்கமாட்டேன், எழுதாதே.
சாண்ட்விச் தருவார்கள். அதை எழுதவேணுமா?"

தொழில்: பிடில் வாசித்தல், மெட்டுக் கட்டுதல்.
நண்டுத் தொழிற்சாலையில் பதினொரு வாரம்.
கோது உடைப்பதும் அதே விரல்கள்தான்.

மெட்டுகளின் பட்டியல் கேட்டேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
வாசிக்க வாசிக்க எனக்குள் இருந்த கணக்குக்காரி
நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
'டொனியின் நாலு பனி டயர்'
'எண்ணெய் லொறிக்காரனின் பொறுமை'
'கடைவாய்ப் பல்லுக்காக, டொக்டர் கோமிக்கு'
மோரக், இது பாட்டுப் புத்தகம் இல்லை,
கடன் கொப்பி.
"தீர்த்த கொப்பி" என்று திருத்தினாள்.
வங்கிக்கும் ஒன்று கட்டினாளாம். வங்கி ஏற்கவில்லை.
"அது நல்ல மெட்டும் இல்லை."

பண்டமாற்றும் வருமானந்தான் என்கிறது சட்டம்.
டயருக்கு விலை உண்டு. துள்ளலுக்கு?
வரித் திணைக்களத்துக்கு அழைத்தேன்.
காத்திருக்கச் சொன்ன இயந்திரம் இசையைப் போட்டது.
மோரக்கின் கை ரின்னுக்குள் அப்படியே நின்றது.

பத்தொன்பது வயதில், ஹலிஃபாக்ஸில்,
மழைக்கோட்டுக் கூடக் கழற்றாமல்
இருநூறு டொலருக்கு முழு உரிமையும் எழுதிக் கொடுத்த மெட்டு.
அந்தக் காசில் ஒரு அடுப்பு வாங்கினாள்.
அடுப்பு இன்னும் எரிகிறதாம்.
மெட்டு பால் விளம்பரத்துக்குப் போனது, லிஃப்டுக்குள் போனது,
விமானம் தரை தொடும்போது சனத்தை எழுப்பியது.
அவளுக்கு ஒரு சதம் வரவில்லை.

நாற்பது நிமிடம் கேட்டோம்.
கோபம் எனக்குத்தான் வந்தது.
அவள் இடக்கை விரல்களால் மேசை விளிம்பில்
கூடவே வாசித்துக்கொண்டிருந்தாள்.
"இரண்டாம் பாகத்தில் ஓடுகிறான் பார்,
ஆர் துரத்துகிறது இவனை?"
கடைசியில் அதிகாரி வந்து வணக்கம் சொன்னார்.
அவசரமாய்க் கையசைத்தாள்:
திரும்பக் காத்திருப்பில் போடச் சொல்,
பாதியில் நிற்கிறது.

என் கூலி எண்பத்தைந்து.
பேர்ஸைத் திறந்தாள். மூடினாள். வெளியே பனியைப் பார்த்தாள்.
என் ரப்பர் முத்திரை பழசு,
ஒருதரம் குத்தினால் பாதி எழுத்துத்தான் விழும்.
டக், டக்.
அவள் தலையைச் சாய்த்தது
அப்போது எனக்கு விளங்கவில்லை.

யூனில், தேவாலய மண்டபத்தில்,
வியர்வையும் வெண்ணெய்ப் பணியார வாசமும் கலந்த இரவில்,
"அடுத்தது, சூபோ டீனியின் ரப்பர் முத்திரை" என்றான் ஒருவன்,
சுபோதினியை நடுவில் முறித்து.
பிடில் ஓடி வந்தது,
இரண்டாம் பாகத்தின் படியில் ஒரு கணம் நின்றது,
டக், டக்.
அறுபது சப்பாத்து ஒன்றாய்ப் பலகையை இடித்தன.
என் கிளாஸ் மேசையில் ஒரு விரற்கடை நகர்ந்தது.

வருமானப் பெட்டியில், என்னுடைய படிவத்தில், எழுதினேன்:
மெட்டு ஒன்று. எண்பத்தைந்து.
கந்தோருக்குப் புது முத்திரை வாங்கியிருந்தால்
செலவில் கழித்திருக்கலாம்.
வாங்கவில்லை.