ஐந்தாண்டில் எங்கே இருப்பீர்கள்

என்று கேட்டான்
சட்டையில் மடிப்புக் கலையாத பையன்.
ஐம்பத்தேழு வயதில் இருப்பேன் என்றேன்.
சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டு
ஏதோ எழுதிக்கொண்டான்.

முன் அனுபவம் என்ற கட்டத்தில்
'விளக்கறை, நிலக்கரிச் சுரங்கம், பித்தோம்,
இருபத்தாறு வருடம்' என்று நிரப்பியிருந்தேன்.
விளக்கறை என்றால்... என்று இழுத்தான்.

இறங்குகிறவன் பித்தளை வில்லையை நீட்டுவான்.
அதே எண்ணுள்ள விளக்கை எடுத்துக் கொடுப்பேன்.
ஏறி வந்ததும் விளக்கு கொக்கிக்கு,
வில்லை அவன் பைக்கு.
ஷிஃப்ட் முடிந்தும் ஒரு கொக்கி காலியாக இருந்தால்
கீழே ஒருவன் இருக்கிறான்.
அவ்வளவுதான் வேலை.
கொக்கிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது.

'கிடங்கு மேலாண்மை' என்று எழுதினான்.
கவுண்டருக்கு உள்பக்கம் இத்தனை வருடம் நின்றவளுக்குத்
தலைகீழாக வாசிக்க வரும்.

டிராம் பயிற்சியில் ஒன்பது பேர்.
காட்ஸ்பெர், பல்கலைக்கழகத்தை
இரண்டு முறை பாதியில் விட்டவன்.
லெஸ்யா, ஹார்கிவில் கணக்காளராக இருந்தவள்,
போலிஷ் சிக்னல் பெயர்களை
உள்ளங்கையில் எழுதிவைப்பாள்.
பத்து மணிக்குள் வியர்த்துக்
கை முழுக்க நீலம்.
நான், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு
மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவள்.

நிற்க நினைத்த இடத்தில் நினைத்தால் நிற்காது,
முப்பது டன், என்பார் பயிற்சியாளர் ஷிகுவா.
அதற்கு மேல் அவர் எதையும் விளக்கியதில்லை.

முதல் தேர்வில் தோற்றேன்.
தண்டவாளம் பிரியுமிடத்தில்
வலம் போகவேண்டியவள் இடம் போனேன்.
குறிப்பேட்டோடு மூன்று தேர்வாளர்கள்
என்னோடு சேர்ந்து
வேறு ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

இழப்பீட்டுப் பணம் இருக்கே அம்மா,
போதுமே, என்றாள் மகள் போனில்.
போதும் என்பது எவ்வளவு?
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பணம் வந்தது. காலை நேரங்கள்
மிச்சமாகிக்கொண்டே இருந்தன.

அன்றிரவு சமையலறையில்
நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு
மரக்கரண்டியை நெம்புகோலாகப் பிடித்து
ஜன்னலைப் பார்த்து ஓட்டினேன்.
வலம். வலம். வலம்.
கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றால்
தன் கூரையை இடித்தார்.
யாரோ இறங்க வேண்டுமாம் என்று
வண்டியை நிறுத்தினேன்.

பதினொரு மாதமாகிறது.
விடிகாலை மூன்றே முக்காலுக்கு அலாரம்.
உறைபனி நாளில் சக்கரத்தடியில்
மணல் தூவும் மிதி எது என்று
காலுக்கே தெரிந்துவிட்டது.
பார்பரா திருநாளில்
சுரங்கம் இல்லாத சுரங்க வாத்தியக்குழு
கறுப்பு உடையில் ஏறியது.
தூபாவுக்கு டிக்கெட் உண்டா என்றார்கள்.
ஊதினால் இல்லை என்றேன்.
மூன்று நிறுத்தம்வரை
வண்டியின் கண்ணாடிகளெல்லாம் நடுங்கின.

கடைசி நிறுத்தத்தில்
எழுந்து பின்கோடிவரை நடப்பேன்.
திரையில் பார்த்தால் தெரியுமே,
கேமரா எதற்கு, என்பான் காட்ஸ்பெர்.
தெரியும்தான்.
ஒற்றைக் கையுறை, லாட்டரிச் சீட்டு,
இரவு ஷிஃப்ட் முடிந்து
வாய்திறந்து தூங்கும் பேக்கரிப் பெண்.

போன செவ்வாய்
கேமராவுக்கு எட்டாத மூலையில்
பைஜாமாவோடு ஒரு பெரியவர்.
மணிக்கட்டில் மருத்துவமனைப் பட்டை,
காலில் ஒன்றுமில்லை.
என் ஸ்வெட்டரை அவர் பாதங்களில் சுற்றி
டிப்போவுக்குத் தகவல் சொன்னேன்.
ஆம்புலன்ஸ் வரும்வரை
அவர் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தேன்,
பட்டையில் இருந்த எண்ணை, மெதுவாக.
படிவத்தில் இதற்கென்று கட்டம் இல்லை.
'இதர' என்பதில் டிக் செய்தேன்.

பிரிதடத்தில் இன்னமும்
வலம் என்று உரக்கச் சொல்லித்தான் திருப்புகிறேன்.
முதல் இருக்கையில் ஒரு பெண்மணி,
காது மந்தம்,
வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்து
நாள் தவறாமல்
பதில் வணக்கம் வைக்கிறாள்.